அணைந்து அணைந்து போன ஜீப்

போன வருடம் ஜூன் மாதக் கடைசி. கம்பத்தில் சாரல் காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் ஜீப் பல மாதங்களாக ஓடாமல் நின்றிருந்தது.

அது என் கணவருடைய வண்டி. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை விடிகாலையில் ஏற்றி, கம்பம் மெட்டு வழியாகக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஜீப். அதற்கு ஒன்று என்றால் சாப்பாடுகூட இறங்காது அவருக்கு.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். அல்லாஹ் காப்பாற்றினான், உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையும் காலும் சரியாகத் திரும்பவில்லை. பேச்சும் போய்விட்டது. சத்தம் வரும், வார்த்தைதான் வராது. என்ன சொல்ல நினைத்தாலும் வாயில் "அது... அது..." என்றுதான் வந்தது. தண்ணீர் கேட்டாலும் "அது", ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் "அது". "தண்ணியா? தலகாணியா? ஃபேன் போடணுமா?" என்று நானும் மகளும் மாறி மாறிக் கேட்போம். அவருக்குக் கண் கலங்கிவிடும். கொஞ்ச நாளில் அந்த "அது"வையும் சொல்வதை விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண், "தப்பா வந்தாலும் பரவால்ல, பேசிப் பாருங்க சார்" என்று எவ்வளவோ கெஞ்சினார். இவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இனி இவர் வண்டி ஓட்டப்போவதில்லை என்று ஆனபிறகு, ஜீப்பைக் கொடுத்துவிடலாம் என்று நானும் மகளும் பேசி முடிவெடுத்தோம். குமுளிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களை மலைப்பாதையில் கூட்டிப்போகிற ஒருவர், இந்தப் பழைய மாடலைத்தான் தேடிக்கொண்டிருந்தார். "வண்டி ஸ்டார்ட் ஆகணும் சேச்சி. ஓட்டிப் பார்த்திட்டு எடுத்துக்கிறேன்" என்றார். என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் ஊரில் இல்லை. யாரோ சொல்லி, பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். நடுத்தர வயது, அதிகம் பேச்சில்லை. புது பேட்டரியை மாட்டினார். எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிக்கொண்டே கரும்புகை விட்டுப் பிடித்தது. எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு! ஆனால் கொஞ்ச நேரத்தில் திணறி அணைந்துவிட்டது. பானட்டைத் திறந்து, குனிந்து அடியிலும் ஏதோ பார்த்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே மாதிரி ஓடி, திணறி, அணைந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து டங் டங் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இவர் கட்டில் கம்பியை இடது கையால் தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னங்க, விக்கிறது பிடிக்கலையா?" என்றேன்.

தலையை வேகமாக ஆட்டிவிட்டு வாசலைக் காட்டினார். "நீங்க பேசாமப் படுங்க. அவரு பாத்துக்கிடுவாரு" என்று போர்வையை இழுத்து விட்டேன். உதறித் தள்ளினார்.

வாசலில் நின்று இதைப் பார்த்த மெக்கானிக், "அக்கா, பாயக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டு வாங்களேன். ஓட்டுனவுகளக் கேட்டுக்கிடலாம்" என்றார்.

எனக்கு மனசே இல்லை. இந்தக் காற்றில் நாலு பேர் பார்க்க அவரை எப்படி உட்கார வைப்பது? ஆனால் இவர் அதற்குள் காலைக் கீழே தொங்கப் போட்டுவிட்டார். தோளில் துண்டைப் போர்த்தி, தாங்கிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

மெக்கானிக் எஞ்சினைக் காட்டி, "பாய், டீசலோட காத்தும் சேந்து உள்ள போகுது. அதான் நின்னு நின்னு போகுது. எங்கன இழுக்குதுன்னுதான் பிடிபடல. பில்டர்லயா?" என்று கேட்டார்.

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"பம்ப்லயா?"

இல்லை.

"அப்ப நாசில் பைப்பா?"

"அது... அது..." என்று ஆரம்பித்தார். வார்த்தை வரவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. எனக்குத் தாங்கவில்லை. "டேங்கா? டேங்கச் சொல்றீகளா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. அவுக சொல்லட்டும்" என்றார் மெக்கானிக். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார். வேறு வேலையே இல்லாதவர் மாதிரி.

நானும் நின்றேன். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எச்சிலைத் துடைக்கப் போன என் கையை இவர் தள்ளிவிட்டார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். பிடிக்கப் போனேன், முறைத்தார். இழுத்து இழுத்து நடந்து போய், மட்கார்டில் இடது கையை ஊன்றிக் குனிந்தார். யாரும் தாங்காமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"கீ... கீழ" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஓஸ்... ஓஸ்."

மெக்கானிக் உடனே சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். "ஆமா பாய்! டேங்க்ல இருந்து வர்ற ஓஸ் வெடிச்சிருக்கு!" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார். வேறு ரப்பர் ஓஸ் மாட்டி, உள்ளே புகுந்த காற்று வெளியேற ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கை பம்ப்பை அடித்தார். முதலில் நுரை நுரையாக வந்தது. பிறகு தெளிந்த டீசல் வந்ததும் போல்ட்டை முறுக்கினார்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க பாய்" என்றார்.

இருவருமாகத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். இடது கையால் ஹீட்டரைப் போட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு பொறுத்திருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். ஜீப் பிடித்தது. திணறுமோ என்று நான் துஆ செய்துகொண்டே நின்றேன். திணறவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார் என் கணவர். அப்புறம் என்னைப் பார்த்து, "வேணாம்" என்றார். எது வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கே குமுளிக்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது வேறொரு டிரைவர் ஓட்டுகிறார். தினமும் காலையில் இவர் கம்பு ஊன்றி வாசலுக்கு வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது.

இந்த வருட நோன்புப் பெருநாளுக்கு அந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் பிரியாணி கொண்டுபோனேன். பெருமையில் சொன்னேன், "அன்னைக்கு இவுக மட்டும் சொல்லலேன்னா, நீங்க தேடிக்கிட்டேதான இருந்திருப்பீக தம்பி?"

அவர் சிரித்தார். கொஞ்சம் தயங்கினார். "பாய்கிட்ட சொல்லிராதீகக்கா. ஓஸ்ஸ நான் மொதல்லயே பாத்துட்டேன். டீசல் கசிஞ்சு புழுதி அப்பியிருந்துச்சு. கழட்டலாம்னு நெனைக்கையிலதான் உள்ள கட்டில் தட்டுற சத்தம் கேட்டுச்சு. சரி, அவுக சொல்லட்டும்னு நின்னுட்டேன்."

அவரே மெதுவாகச் சொன்னார், "எங்க அப்பாவும் இப்பிடித்தான் படுத்துக் கெடந்தாக. எல்லாத்தையும் நாங்களே பாத்துப் பாத்துச் செஞ்சோம். ஒரு வார்த்த அவுகள கேக்கல. அப்பிடியே போய்ச் சேந்துட்டாக."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. என் கணவரிடம் இதுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் ஒரு வார்த்தையைத் தேடித் தவிக்கும்போதெல்லாம், அது என் நாக்கு நுனியில் இருந்தாலும், கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதரை நினைத்து நான் வாயை மூடிக் காத்திருக்கிறேன்.