பக்கத்தில் படுத்திருந்தவள்

முழுத் தூக்கம் என்றால் என்னவென்றே பதினெட்டு வருடமாகக் குணவதிக்குத் தெரியாது. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவள் கணவர் தங்கராஜுவின் குறட்டையை மேல்மாடிக்காரர்கள்கூடக் கேலி செய்வார்கள். அவளுக்குக் குறட்டை பயமில்லை. அது நிற்பதுதான் பயம். நின்றதும் முழங்கையால் விலாவில் ஓர் இடி. மனிதர் திணறி மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். ஓர் இரவுக்கு எத்தனை இடி என்று யார் கண்டது! பகலில் பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் கிளறியபடியே நின்று தூங்குவாள்.

தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற தங்கராஜு, ஒருநாள் சிக்னலில் கண்ணயர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். தலை, மார்பு என்று வயர்களை ஒட்டி ஓர் இரவு படுக்கவைத்தார்கள். பாவி மனுஷனுக்கு அன்றைக்கென்று பொட்டுத் தூக்கம் வரவில்லை. மறுமுறை டாக்டர் ஒரு தூக்கமாத்திரை கொடுத்துச் சோதித்தார். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷின் வர ஒரு மாதமாகும்.

"இங்க ராத்திரி பூரா ஆள் உக்காந்து பாத்தோம். வீட்டுல மாத்திரை வேணவே வேணாம், மூச்சு நின்னா முழிப்பு வராது," என்று டாக்டர் இருவரிடமும் சொல்லியனுப்பினார்.

கேட்டால்தானே! "அப்படி ஒரு தூக்கம், குணா! பொறந்ததுலேருந்து தூங்கினதில்ல," என்று நாலு நாள் அதே பேச்சு. ஐந்தாம் நாள் ராத்திரி அவர் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை. கூட பஸ் ஓட்டும் தயாளன் கொடுத்தானாம். உபகாரமாம், நாசமாய்ப் போக!

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"ஆள் பாக்கணும்னாரு. நீதான் பக்கத்துலயே இருக்கியே லா!"

அவள் பிடுங்கிக் குப்பையில் எறியப்போனாள். அட்டையில் ஏற்கெனவே இரண்டு காலி.

"அப்பவே போட்டாச்சு," என்று சிரித்தார் தங்கராஜு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் கெஞ்சக் கெஞ்சவே படுத்துவிட்டார்.

குறட்டை கிளம்பியது. நின்றது. இடித்தாள். அசைவில்லை. பலம்கொண்ட மட்டும் இடித்தாள். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது, மறுபடி நின்றது. விளக்கைப் போட்டாள். உதடு கறுத்திருந்தது. கன்னத்தில் அறைந்தாள். "தங்கராஜு! டேய் தங்கராஜு!" என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனைப் பேர் சொல்லிக் கத்தினாள். ஐயோ, அதற்கும் எழவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மூச்சு இருக்கிறதா என்று போனில் மலாயில் கேட்டாள் ஒரு பெண். குணவதிக்கு அந்த நேரத்தில் மலாய் வாயில் வரவில்லை.

"இருக்கும்மா," என்றாள். "இல்ல... இதோ வரும்... இல்ல."

அந்தப் பெண் மறுபடி கேட்டாள். குணவதி அடுத்த மூச்சுக்காகப் புருஷன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.