பெண்கள் காத்திருப்பு அறை

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசனை அடித்ததும், இடிக்கப்பட்டுவிட்ட செங்கல்பட்டு பழைய ஸ்டேஷனின் பெண்கள் காத்திருப்பு அறை நினைவுக்கு வந்தது. வளைவு ஜன்னல்களும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மரக்கூரையும், ரயில் வரும்போதெல்லாம் அதிரும் தேக்குக் கதவும் கொண்ட, எப்போதும் பினாயில் மணக்கும் அறை அது. எனக்கு அப்போது ஏழு வயது. பிரசவத்துக்காக மதுராந்தகத்திலிருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிய அம்மாவுக்கு, ரயிலுக்குக் காத்திருந்த அந்த அறையிலேயே வலி எடுத்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்கள் கதவைச் சாத்தி, ஜன்னல்களில் புடவைகளைக் கட்டினார்கள். நான் வெளியே அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றேன். கடைசியில் தங்கையின் அழுகை அந்த உயரமான கூரையில் மோதி, பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், கொழந்தைக்கும் பிளாட்பாரம் டிக்கெட்டு எடுக்கணுமா?" என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டார்.

"வெளிய இருந்து வர்றவங்களுக்குத்தான்பா டிக்கெட்டு. இவ இங்கியே பொறந்தவ, இது இவ வூடு," என்றார் அவர்.