மஞ்சள் வைத்த முனை

இந்தப் பிரெஞ்சு ஊரில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய சட்டையைக் கழித்துப் போட்டுவிடுவதில்லை. எதிர்வீட்டு ஒதெத் அம்மாள், காலமான தன் கணவரின் நீலக்கட்டம் போட்ட சட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, வியாழக்கிழமைத் தையல் வகுப்பில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நம் பக்கமென்றால் காரியம் முடிவதற்குள் அந்தச் சட்டை வாசல் தாண்டியிருக்கும். வேண்டாமென்று சொல்லவும் தெரியாமல், தொடவும் பயந்து, நன்றிக்கு "மெர்சி" என்று இளித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

எழுபத்தொன்பதில் காரைக்கால் பக்கத்து நெரவியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே உண்டு. எனக்கோ ரொட்டி, உப்பு, பால் என்று கேட்பதற்குமேல் பாஷை இல்லை. நாலு பேரோடு பழகினால் வாய் திறக்கும் என்று அவர்தான் வகுப்பில் சேர்த்துவிட்டார். 'பாட்ச்வொர்க்' என்றார்கள். பழந்துணிகளைச் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு என்று வைத்துத் தைக்கிற போர்வை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்த கைக்கு இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். நான்கு சதுரங்களைச் சேர்த்தால் நடுவில் முனைகள் கூடவில்லை. முதல் வரிசையை மூன்று முறை பிரித்தேன். ஒவ்வொரு முறையும் ஒதெத் பொறுமையாக என் விரலைப் பிடித்து ஊசியைத் திருப்பினார்.

அவரவர் வீட்டுப் பழந்துணி ஒன்று கொண்டுவர வேண்டும் என்றார்கள். என் பழைய புடவைகளை எல்லாம் விமானம் ஏறுமுன்பே பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் குண்டான் வாங்கியாகிவிட்டது. அம்மாவுக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு வைத்த பார்சல் வந்தது. உள்ளே மடிப்புக் கலையாத பச்சை நூல் புடவை, முந்தி முனையில் மஞ்சள். கூடவே கடிதம்: "கட்டுன புடவைய மகளுக்கு அனுப்புவாங்களாடி? காரக்கா கடைத்தெருவுல புதுசாவே எடுத்துட்டேன். நீ பாட்டுக்கு வெட்டிக்க. மஞ்ச வச்ச முனைய மட்டும் விட்டுடாத, அது போர்வையில இருக்கட்டும்."

வகுப்பில் புடவையை விரித்தேன். எல்லோரும் பச்சையைத் தடவிப் பார்த்தார்கள். ஒதெத் மட்டும் அந்த முனையைத் தொட்டு, "தாஷ்?" என்றார். கறையா என்று கேட்கிறார். எங்கள் மாடிப்படியில் என் குழம்பு வாசனைக்கு மூக்கைச் சுளிக்கும் பெண்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்தார்கள். எங்கள் வழக்கம் என்று அரைகுறையாகவாவது சொல்லியிருக்கலாம். "உய்" என்றேன், ஆமாம் என்று. சோப்புப் போட்டால் போய்விடும் என்று அவர் ஆறுதலாகச் சொல்லி முடிப்பதற்குள், கத்தரிக்கோலை எடுத்து முனையை நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். ஒருவரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த கோடையில் போர்வையோடு ஊருக்குப் போனேன். நெரவி வீட்டில் அம்மா அதைக் கட்டிலில் விரித்துப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எம் மவ தச்சது, பாருங்க." கோணல் தையல் யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் போனபின் ஓரம் ஓரமாகத் தேடினாள்.

"மஞ்ச வச்ச முன எங்கடி?"

"உள்பக்கம் வச்சுத் தச்சிருக்கேம்மா."

"எந்தக் கட்டத்துல?"

என் விரல் அவசரத்தில் எங்கோ போய் விழுந்தது. பார்த்தால், நீலக்கட்டம். ஒதெத் கணவரின் சட்டைத்துண்டு. விரலை எடுப்பதற்குள் அம்மா குனிந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் தலையில் கைவைத்தாள். "தீர்க்க சுமங்கலியா இரு" என்றாள். போர்வையை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் ஒதெத் வந்து கேட்டார், அம்மாவுக்குப் பிடித்ததா, தன் வீட்டுக்காரரின் சட்டைத்துண்டைப் பார்த்தார்களா என்று.

"உய்" என்றேன். அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் என்பதைக் கையால் செய்து காட்டினேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஒதெத் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.