ஒளித்து வைத்த கால்கள்

சிப்பின் படத்தைத் திரையில் விரித்ததும் ஷாயிர்குல் முதலில் தேடுவது, அதில் எந்தக் காலை ஒளித்திருக்கிறார்கள் என்பதைத்தான். சிப்புக்கு மின்சாரம் வாங்கும் உலோகக் கால்களை வரைபடத்தில் மறைத்துவிடுவது அவர்கள் தொழிலில் வழக்கம். படம் துடைத்தாற்போல இருக்கும். அவளுக்கு அது ஆகாது. "யாரு வீட்டுப் புள்ள நீ? ஏழு தலைமுறையச் சொல்லு," என்று அதட்டி ஒவ்வொன்றாக வெளியே இழுப்பாள்.

பிஷ்கெக்கில், எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், அவளும் கணவர் எசென்பாயும் ஒரே கணினியில் மாறி மாறி சர்க்யூட் வரைகிறார்கள். அவர் வரைந்தால் பனி விழுந்த முற்றம் மாதிரி. ஒரு கோடு கூடுதலாக இராது. அவள் படத்தைப் பார்த்து, "கெழவி, இது படமா, மீன் முள்ளா?" என்பார். அவள் உலர்தயிர் உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். அதைச் சப்பிக்கொண்டே அடுத்த காலை வெளியே இழுப்பாள்.

குறைமாதக் குழந்தைக்கு மூச்சு நின்றால் கத்துகிற கருவி ஒன்றை, ஒரு மருத்துவமனைக்காக எசென்பாய் வரைந்தார். அந்தப் படத்தின்படி செய்த முதல் சர்க்யூட் பலகை புகைந்தது. அடுத்ததும் புகைந்தது, அந்தப் புகை மலைவரை போய், குளிர் தாங்காமல் திரும்பி வந்து என் ஜன்னலைத் தட்டியது. கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிழை அகப்படவில்லை. மருத்துவமனைக்குக் கைவிரித்துவிட்டு, வரைவதையே விட்டுவிடப் போவதாக நேற்று சொன்னார்.

அவர் படத்தை அவள் அதுவரை தொட்டதில்லை. நேற்று கேட்காமலே அதன்முன் உட்கார்ந்தாள். நான் சுட்ட ரொட்டியோடு வாசலில் நின்றேன். ஒரு சிப்பின் ஒளிந்த காலை வெளியே எடுத்தாள். மூன்று வோல்ட் வாங்க வேண்டிய கால், தன் பெயரையே கொண்ட ஐந்து வோல்ட் கம்பியோடு போய் ஒட்டியிருந்தது. பெயர் ஒன்றானால் போதும், படம் வரையும் மென்பொருள் யாரையும் கேட்காமல் இரண்டையும் கோத்துவிடும். சிப் கருகாமல் என்ன செய்யும்?

"இந்தாங்க," என்றாள் மெதுவாக. "ஒங்க கோடெல்லாம் சரிதான். இது அதாஷ் பண்ணுன வேலை."

ஒரே பெயர்க்காரர்களை எங்கள் ஊரில் அதாஷ் என்போம். பார்த்த மாத்திரத்தில் தோளில் கைபோட்டு விருந்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

எசென்பாய் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தான் ஒளிச்சேன்," என்றார்.

"அழகா இருக்கணும்னுதான செஞ்சீங்க."

மவுஸ் அவள் கையில் இருந்தது. அதை அவர் வாங்கவில்லை. அவள் கைமேல் தன் கையை வைத்து, அந்தப் படத்தில் மறைந்திருந்த கால்களையெல்லாம் ஒரே அழுத்தில் வெளியே வரவழைத்தார்.