சத்தமே இல்லாத லேப்டாப்

என் அக்காவின் கணவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காது மந்தமானவர்களுக்கு மெஷின் பொருத்துவது அவர் வேலை. கடை வைத்து உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். சின்னச் சின்ன ஊர்களில் கண்ணாடிக் கடைகளின் பின்னறையில், காலி ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். வருகிறவர்களுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லிச் சோதிப்பார். பிறகு மெஷினை லேப்டாப்போடு இணைத்து, அந்தந்தக் காதுக்குத் தகுந்தபடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர். ஆனால் தொழில் விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேச்சிலும் கெட்டிக்காரர். மெஷின் போட வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம், "கண்ணாடி போட்டுக்கிட்டுதானே வந்திருக்கீங்க? கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா?" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்த கையோடு மெஷினைக் காதில் மாட்டிவிடுவார் மாமா.

மெஷின் கம்பெனி கொடுத்திருந்த பழைய லேப்டாப் செங்கல் கனம். போதாததற்கு அதன் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் அறையே இரையும். சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் ஹெட்போனில் வருகிற சத்தத்தை விட்டுவிட்டு ஃபேனுக்கே விரலைத் தூக்கினார்கள். ஒருநாள் அது ஒரேயடியாக மண்டையைப் போட்டது. வெளியூர் போகிறவர்கள் இனிமேல் அவரவர் லேப்டாப்பை அவரவரே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி கைகழுவிவிட்டது.

வாங்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். என்ன வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டார்.

"பஸ்ல தூக்கிட்டு அலையணும். அதனால எடை கம்மியா இருக்கணும். நான் உக்கார்ற இடத்துல பிளக் இருக்கும்னு சொல்ல முடியாது, பேட்டரி நிக்கணும். எங்க சாஃப்ட்வேர் ஒண்ணு ஓடினாப் போதும், அதுல சினிமா பாக்கப் போறதில்லை. விலை கையைக் கடிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, சத்தம் வரக் கூடாது."

கடைக்காரர் நாலைந்தை எடுத்து வரிசையாக வைத்தார். நான் திரையைப் பார்த்தேன், கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன், வாரண்டி எவ்வளவு என்று விசாரித்தேன். மாமா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிக் காதோடு ஒட்டிவைத்து, தர்பூசணி வாங்குகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் ஏதோ பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவரோ அதை நிறுத்தச் சொல்லவில்லை. அவ்வளவு இரைச்சலிலும் தனக்குத் தேவையானதைப் பிரித்துக் கேட்க முடியும் என்கிற நம்பிக்கை.

"இதுல ஃபேனே கிடையாது சார். அதான் விலையும் கம்மி. ஆனா கொஞ்சம் நிதானமாத்தான் ஓடும்" என்றார் கடைக்காரர்.

"என் கஸ்டமருங்களும் நிதானமானவங்கதான்."

கொஞ்சம் கூடுதல் விலையில் இன்னொன்று நன்றாக இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமே என்றேன். "நீ கண்ணால பாக்குற, நான் காதால பாக்குறேன். இதுல ஒரு பொட்டு சத்தம் இல்லை" என்று என் வாயை அடைத்துவிட்டார். அதையே வாங்கினோம். வாங்கிய பிறகு ஒரு மாதம் அதன் பெருமையைக் கேட்டுக் கேட்டு என் காதுதான் புளித்தது.

அதற்குப் பிறகு வந்த கஸ்டமர்கள் ஒரு புதுப் புகார் சொன்னார்கள். மெஷினைக் காதில் வைத்ததுமே கீ என்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கிறதாம். மாமாவுக்கு இது பழகிய விஷயம். பல வருஷமாகக் கீச்சுச் சத்தங்களைக் கேட்காமல் இருந்த காது, திடீரென்று கேட்டால் கூசத்தான் செய்யும். அதற்கு வழக்கமான வைத்தியம், மேல் ஸ்தாயியை, அதாவது கீச்சுச் சத்தங்களை, மெஷினில் கொஞ்சம் இறக்கிவைப்பது. இறக்கினார். இன்னும் கேட்கிறது என்றால் இன்னும் இறக்கினார். வீட்டுக்குப் போனதும் சத்தம் நின்றுவிட்டது என்று அவர்களே போன் பண்ணிச் சொன்னார்கள். தன் கைவரிசைதான் என்று மாமா நினைத்துக்கொண்டார். பேச்சுதான் தெளிவாக இல்லை, யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதைப் போல இருக்கிறது என்று சிலர் சொன்னபோது, "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார்.

ஒரே ஒரு அம்மா மட்டும் மடங்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் காதை வைத்தே வேலை பார்த்தவர். "தம்பி, அந்தச் சத்தம் மெஷின்ல இல்லை. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து வருது" என்று லேப்டாப்பைக் கைகாட்டினாராம்.

"அதுல ஃபேனே கிடையாதும்மா. சத்தமே இல்லை. உங்க மனசுக்குத்தான் அப்படித் தோணுது" என்றாராம் மாமா.

இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். லேப்டாப்புக்குள்ள யாரோ போன் பேசுறாங்கன்னு நினைச்சுட்டாங்க போல என்றார். அக்காவும் நானும் கூடச் சிரித்தோம்.

வீட்டில் அவர் அந்த லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு ஏதோ கணக்கு அனுப்ப வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையில் திறந்தார். அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"என்னங்க அது, கொசு கத்துற மாதிரி? முதல்ல அதை மூடுங்க."

"எது?"

"அதான், உங்க கம்ப்யூட்டர்."

மாமா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கும் கேட்டது. பல்லைக் கூசவைக்கிற சத்தம், ஃபேன் இல்லாவிட்டாலும் உள்ளே ஏதோ கரண்டுப் பாகம் கத்திக்கொண்டிருந்தது. கேக்குது மாமா என்றேன். அவர் குனிந்து அதன்மேல் காதை வைத்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவர் காதில் பூ சுற்றுகிறோமா என்று எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு பையைத் திறந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எனக்குக் காட்டினார். நான் அழுத்த, அவர் விரலைத் தூக்கினார். கட்டைச் சத்தம் எல்லாவற்றுக்கும் தூக்கினார். கீச்சுச் சத்தங்களுக்கும் தூக்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காதான் கவனித்துவிட்டாள். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அசைந்தால் விரலைத் தூக்கினார்.

சோதனைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் ஏமாற்றுவார்கள், அதனால் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். அக்கா நாற்காலியோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நான் மறுபடியும் கீச்சுச் சத்தத்தை அழுத்தினேன். விரல் எழவில்லை. இன்னும் சத்தமாக வைத்து அழுத்தினேன். ஹெட்போனுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. அவர் முதுகு அசையாமல் இருந்தது. எனக்கு அந்த முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"எத்தனை பேருக்கு இறக்கிவச்சிருக்கேன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "காது குடுக்கிறேன்னு சொல்லி, இருந்ததையும் பிடுங்கிட்டேன்."

"யாருக்குத் தெரியப்போகுது? வேற லேப்டாப் வாங்கி, சர்வீஸ்னு சொல்லி எல்லாருக்கும் ஏத்தி விட்டுடுங்க" என்றாள் அக்கா. காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. தப்பாகவும் எனக்குத் தோன்றவில்லை. காதுக்காரருக்கே காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் அப்புறம் யார் வருவார்கள்?

ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார். மெஷினுக்குச் சர்வீஸ் என்று பொய் சொல்லி, இரவல் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"அந்த அம்மாகிட்டப் பொய் சொல்ல முடியாதுடா. அவங்க சரியாச் சொன்னாங்க. நீயும் வா. அந்த லேப்டாப் கத்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நீதான் சொல்லணும்."

போன் பண்ணினபோது அந்த அம்மாவின் மகன்தான் எடுத்துத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கதவைத் திறந்ததும் அவர்தான். அம்மா இப்போது தன்னோடுதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்களாமே. நீங்களே மனசுலதான் கோளாறுன்னு சொல்லிட்டீங்களாம். அதுக்கப்புறம் எப்படித் தனியா விடுறது? அதான் இங்கயே வச்சுக்கிட்டோம்."

மாமா கூனிப்போய் உள்ளே நுழைந்தார். அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காதில் மெஷின் இல்லை. டப்பாவில் இருந்ததை மாமாவே எடுத்து மாட்டி, இறக்கியதை எல்லாம் ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார். லேப்டாப் கத்திக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினேன்.

"அம்மா, இப்ப அந்தச் சத்தம் கேக்குதா?"

அவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்தார்.

"இல்லைப்பா. ஒண்ணும் கேக்கலை. அன்னைக்கு ஏதோ உளறிட்டேன்."

மாமாவுக்கு அந்தப் பார்வை தெரியும். அன்றைக்கு என் கையை அவரும் அப்படித்தான் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. அது கத்துது. உங்க பையனையே கேளுங்க."

மகன் குனிந்து கேட்டார். "ஆமாம்மா. கீன்னு ஏதோ வருது" என்றார், நம்ப முடியாமல்.

"எனக்குத்தான் கேக்கலை" என்றார் மாமா. "என் காது போயிடுச்சு. அது தெரியாம உங்க மேல பழியைப் போட்டுட்டேன். உங்க மனசுல ஒரு கோளாறும் இல்லை."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சத்தமே இல்லைன்னு சொன்னீங்களே தம்பி. எனக்குக் கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே."

பிறகு அந்த அம்மா மகனிடம் திரும்பி, "என் வீட்டுச் சாவியை எடுத்துட்டு வா. நான் கிளம்புறேன்" என்றார்.

மகன் நகரவில்லை.

"அங்க போன வாரமே ஆளுங்க குடி வந்துட்டாங்கம்மா."

லேப்டாப் கத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மாமா மடியில் கையை வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் எட்டி அதை மூடினேன்.