ஐஸ் வண்டிக்கு வளைத்த குழாய்

என் பெண்சாதி மாசி மாதம் பிரசவத்தில் செத்துப்போனாள். பெண் குழந்தை பிழைத்தது. தாலியறுத்து எங்களோடு இருந்த என் அக்காதான் அதை எடுத்துக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்ததும் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடைத் தெருவில் இருந்த என் பட்டறைக்குப் போய் உலையை மூட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சித்திரை வெயிலில் ராவுத்தர் ஒருவர் வந்தார். ராஜபாளையத்தில் சர்பத் கடை வைத்திருந்தவர். தூத்துக்குடியிலிருந்து ரயிலில் சாத்தூர் வரைக்கும் ஐஸ் வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் பக்கம் அப்போது ரயில் இல்லாததால் சாத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து, ஆடிப்பூரத் தேருக்கு வரும் கூட்டத்துக்கு விற்க வேண்டும். வழியில் உருகாமல் இருக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்றார்.

“சாக்கும் மரத்தூளும் வச்சுப் பாத்துட்டேன் ஆசாரி. ஊர் வந்து சேர்றப்ப ஈரச் சாக்குதான் மிஞ்சுது.”

செய்து தருகிறேன் என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். வீட்டில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

செம்புத் தகட்டில் ஒரு பெரிய அண்டா அடித்தேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்று அடித்து, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கி, நடுவில் உமியைத் திணித்தேன். மூடியையும் அதேபோல இரட்டையாகச் செய்தேன். உருகுகிற தண்ணீர் வெளியேற அடியில் நேரான ஒரு குழாய் வைத்தேன். தண்ணீருக்குள் கிடந்தால் ஐஸ் இன்னும் சீக்கிரம் கரையும் என்று ராவுத்தர் சொல்லியிருந்தார்.

வெள்ளோட்டம் பார்க்க நானும் வண்டியில் சாத்தூர் போய் வந்தேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது தேங்காய் அளவு ஐஸ் கிடந்தது. ராவுத்தர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். அனல் காற்று அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“இந்தக் குழாயை வளைக்கணும்” என்றேன். “கீழ போயி மறுபடி மேல ஏறி வர்ற மாதிரி. அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். மிச்சத் தண்ணி வழிஞ்சு போயிரும். காத்து உள்ள வராது.”

“ஏலுமா?”

“பாக்குறேன்.”

சொன்னபடி அது லேசாக வரவில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குக் குழாய் என்பது தகட்டை இரும்புக் கம்பியின்மேல் சுற்றி, விளிம்பில் பித்தளைப் பொடியும் வெங்கார உப்பும் வைத்து ஊதிப் பற்றவைப்பதுதான். நேராக இருக்கும்வரை நிற்கும். வளைத்தால் உள்பக்கம் சப்பையாகும், இல்லாவிட்டால் பற்றவைத்த விளிம்பு பிளக்கும். மணலை நிரப்பி வளைத்தேன், சுருங்கியது. ஈயம் ஊற்றினேன், குழாய் வளைந்தாலும் ஈயம் முழுதாக வெளியே வரவில்லை. கெட்டுப்போன குழாய்கள் மூலையில் குவிந்தன. ஒன்று கெட்டால் அடுத்த தகட்டை வெட்டினேன். கோபம்கூட வரவில்லை. பட்டறையில் இருக்கிற வரையில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அது போதுமாக இருந்தது.

கடைசியில் குங்கிலியத்தை உருக்கி ஊற்றினேன். அது ஆறி இறுகியதும், குழாயைப் பள்ளம் செதுக்கிய புளியங்கட்டையில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினேன். பற்றவைத்த விளிம்பை வளைவின் உள்பக்கமும் வைக்காமல் வெளிப்பக்கமும் வைக்காமல் பக்கவாட்டில் வைத்தேன். அங்கே தகடு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. குழாய் முழுசாக வளைந்து வந்தது. பிறகு சூடுகாட்டிக் குங்கிலியத்தை வடித்தேன்.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். குங்கிலியம் விழுந்து தோல் உரிந்திருந்தது.

“ஏலே, இம்புட்டு வெந்துருக்கு. ஒனக்குத் தெரியலையா?”

“இப்பத்தான் பாக்கேன்” என்றேன். உண்மை அதுதான்.

அவள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, “பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. நீ ஒரு பேரு சொல்லேன்” என்றாள்.

“நீயே வையி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. எழுந்து போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தபடி சோற்றைத் தின்று முடித்தேன்.

தேருக்கு முந்தின நாள் விடியற்காலையில் வண்டி தேரடிக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகைபோல ஒன்று மேலே எழும்பியது. பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே இருந்தது. வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ராவுத்தர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த சனங்கள் ஐஸைத் தொட்டுத் தொட்டுக் கையை உதறினார்கள். ஒரு கிழவர் கண்ணாடி என்று நினைத்து அதன் வழியாகத் தேரைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. வாயை அப்படி வைத்துக்கொண்டேன்.

ராவுத்தர் ஒரு துண்டை உடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “வீட்டுக்குக் கொண்டு போங்க ஆசாரி. அக்காவுக்குக் குடுங்க.”

அக்கா அதைச் சட்டியில் போட்டு அதிசயமாகப் பார்த்தாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து அதன் முதுகில் ஒற்றினாள். குழந்தை வீறிட்டது. பிறகு அடங்கி, கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது.

“செத்த நேரம் பிடி, துணியைப் பிழிஞ்சுட்டு வாரேன்” என்று அதை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அவள் வரும்வரை பிடித்திருந்தேன். கனமாக இருந்தது. பிறந்தபோது பார்த்ததற்கு நன்றாக வளர்ந்திருந்தது. எப்போது வளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா தன் இஷ்டப்படி ஒரு பெயர் வைத்தாள். கொஞ்ச நாளில் நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். ராவுத்தர் சொல்லி ராஜபாளையத்தில் ஒரு பருத்தி அரைத்துக் கொட்டை நீக்குகிற மில்லிலிருந்து ஆள் வந்தது. நீராவி எஞ்சினுக்கு வளைந்த செம்புக் குழாய்கள் வேண்டுமாம். தை பிறந்ததும் பட்டறைச் சாமான்களை வண்டியில் ஏற்றி, அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே குடிபோனேன்.