அத்தை திரும்பி நின்றாள்

எங்கள் அத்தை ஓர் ஆளைச் சுட்டவள் என்ற செய்தி, அத்தைக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. இலங்கையில் தமிழர்களை வெட்டுகிறார்கள், கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காமல் இருந்த நாட்கள் அவை. அத்தை ஏறிய அதே கப்பலில் வந்து, அவளுக்கு முந்தின ரயிலைப் பிடித்துவிட்ட பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஜேடர்பாளையம் டீக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அது எங்கள் கரும்புக்காட்டு வரப்பேறி வீட்டுக்கு வருவதற்குள் ஓர் ஆள் பத்து ஆளாகிவிட்டது. நான் அப்போது நான்காம் வகுப்புச் சிறுமி. பத்து ஆளைச் சுட்ட அத்தை எப்படியும் பனைமர உயரம் இருப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

மாட்டு வண்டியிலிருந்து இறங்கியவள் என் அம்மாவின் தோள் உயரம்தான் இருந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. பின்னால் தகரப் பெட்டியோடு மாமா. இரண்டு பேரும் யார் வீட்டுக்கோ தெரியாமல் வந்துவிட்டவர்கள் போல வாசலிலேயே நின்றார்கள். அப்பா ஓடிப்போய் அத்தையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான கையோடு மாமாவுடன் கப்பலேறிப் போனவள். அங்கே சிங்களவர்கள் மிகுந்த ஒரு சின்ன ஊரில் அவர்களுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அதற்கும் பின்னால் கொஞ்சம் தென்னை. தோட்டத்துக் காவலுக்கு ஒரு துப்பாக்கி. கலவரம் தொடங்கியதும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அந்தக் கடைக்குள் விட்டிருக்கின்றன. கூட்டம் தெருவில் திரும்பியபோது மாமா குழந்தைகளை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். அத்தை துப்பாக்கியோடு வாசலில் போய் நின்றாள். ஒரு தடவை சுட்டாள். முன்னால் வந்தவன் விழுந்தான். மற்றவர்கள் ஓடினார்கள். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

இதையெல்லாம் சொன்னது மாமாதான். 

அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தைக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கரும்புக்குள் பன்றி இறங்கும் காலத்தில், பாவாடை கட்டிய தங்கையைப் பக்கத்தில் நிறுத்தி, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் எப்படி அழுத்திக்கொள்வது, மூச்சை எந்த நொடியில் பிடிப்பது என்றெல்லாம் பழக்கியிருக்கிறார். அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி அப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, “நான் பழக்குன கை. குறி தப்புமுங்களா?” என்பார். வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. ஆம்பளைகள் நூறு பேர் இருந்தும் ஓடிப்போன இடத்தில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி நின்றாள் என்று, இலங்கை எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூடத் தலையை நிமிர்த்திக்கொண்டார்கள்.

அந்தப் பெருமையில் மாமாவுக்குப் பங்கில்லை. “ஏனுங்க மாப்பிள்ளை, மூட்டைக்குப் பின்னால எடம் பத்துச்சுங்களா?” என்று கேட்பார்கள். மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். “நெம்பத் தாராளமாப் பத்துச்சுங்க. நீங்க வந்திருந்தாலும் படுத்திருக்கலாம்” என்று சிரிப்பார். அவர் குழந்தைகளுக்கு நன்றாகக் கதை சொல்வார், பனங்கிழங்கை நார் வராமல் உரித்துத் தருவார். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் அவரை என் மாமா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தை வந்த மறுநாளே சுவரில் இருந்த துப்பாக்கியின் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினாள். அப்பா யாருக்காவது விலக்கிக் காட்டினால் மறுபடியும் மூடுவாள். என்னிடம் மட்டும் அத்தை நிறையப் பேசினாள். கலவரத்தைப் பற்றியல்ல, விட்டு வந்த வீட்டைப் பற்றி. கிணற்றடியில் ஈரப்பலா மரம் ஒன்று நிற்குமாம். அதன் காயைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் கறி தோற்றுப்போகுமாம். மழை பெய்து விட்டதும் தென்னை ஓலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், பெய்த மழையைவிட அதிக நேரம் பெய்யுமாம். கோழிகளைப் பக்கத்து வீட்டுச் சிங்களத்தி பார்த்துக்கொள்கிறாளாம். கப்பலுக்குப் புறப்பட்ட அன்று வேலி மேலாகக் கட்டுச்சோறு கொடுத்தவளும் அவள்தானாம். இதைச் சொல்லும்போது அத்தையின் கை என் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். கண் எங்கோ இருக்கும். வெட்ட வந்தவர்களின் ஊரைப் பற்றி ஒருத்தி இப்படி உருகுவாளா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். ஆனாலும் அந்த மழை எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி பிறந்து காவிரியில் புதுத் தண்ணீர் வந்தது. கூடவே ஒரு புரளியும் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் எங்கோ பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், பிள்ளைப் பலி கேட்கிறதாம், பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊர் ஊராகக் கிளம்பியிருக்கிறார்களாம். சாயங்காலம் ஆனால் எங்களை வீட்டுக்குள் அடைத்தார்கள்.

அதே சமயத்தில் அம்மி கொத்துகிறவர்கள் ஒரு குடும்பம் ஆற்றோரப் புளியமரத்தடியில் கூடாரம் போட்டிருந்தது. ஒரு புருஷன், பெண்டாட்டி, சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள், ஒரு கழுதை. எங்கள் வீட்டு அம்மியையும் கொத்தத் தூக்கிப் போயிருந்தார்கள். அவர்கள் பெண் ஒருத்திக்கு என் வயது இருக்கும். வளையில் கைவிட்டு நண்டு பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வேலியோரம் வந்து, “நண்டு சுடறோம், வாரயா?” என்றாள். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நண்டு சுடுகிறார்கள் என்றால் சொல்லிக்கொள்ள நேரம் ஏது?

இரண்டாவது நண்டின் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் ஆற்றுச் சத்தம் என்றுதான் நினைத்தேன். அம்மி கொத்துகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கரும்புக்காட்டுத் தடத்தில் ஊரே வந்துகொண்டிருந்தது. கையில் தடி, அரிவாள், கரும்பு வெட்டும் கத்தி. முன்னால் அப்பா. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவருக்குப் பக்கத்தில் அத்தை. எங்கள் வீட்டுத் துப்பாக்கி அவள் கையில் இருந்தது. குறி தப்பாதவள் நீதான் என்று அப்பாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு அம்மா சொன்னாள்.

எனக்கு ஆபத்து என்றே தோன்றவில்லை. நான்தான் கிடைத்துவிட்டேனே. எழுந்து நின்று, “அப்பா, நான் இங்கதான் இருக்கறேன்! நானாத்தான் வந்தேன்!” என்று கத்தினேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. “பாருங்கடா, கூடாரத்துக்குள்ளயே வெச்சிருக்கறானுங்க!” என்று ஒருவர் கூவினார். “மை வெச்சிருப்பாங்க! புள்ள அவுங்க பேச்சையே பேசுது பாரு!” என்றார் இன்னொருவர். ஒரு கல் பறந்து வந்து அம்மி கொத்துகிறவரின் நெற்றியில் பட்டது. அவர் கத்தவில்லை. கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பெண்டாட்டி மட்டும் புரியாத பாஷையில் கும்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

அந்த நேரத்தில் யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். மாமா. ஆற்றோரமாகவே ஓடி வந்திருக்கிறார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கொத்துகிறவர்களின் பிள்ளைகளையும் என்னையும் சேர்த்து வாரி, கூடாரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஆட்டுக்கற்களுக்கு இடையில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். “சத்தம் போடாதீங்க சாமி, சத்தம் போடாதீங்க” என்று எங்கள் எல்லோர் காதிலும் சொன்னார். ஒரு கல் அவர் முதுகில் விழுந்ததை அவர் உடம்பின் வழியாக நான் உணர்ந்தேன்.  எனக்கோ எரிச்சலாக இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை இவர் கை மறைக்கிறதே என்று அந்தக் கையைக் கடித்தேன். அப்போது கிடைத்த சந்தில்தான் அத்தையைப் பார்த்தேன்.

அத்தை கூட்டத்தை விட்டு நடந்து வந்து கூடாரத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு திரும்பினாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகு. துப்பாக்கி எங்கள் ஊரைப் பார்த்து நீண்டிருந்தது.

“அண்ணா, அங்கயே நில்லுங்க.”

“அம்மிணி, நவுந்துக்கோ.”

“நவுர மாட்டனுங்க. எங்க ஊட்டு வாசலுக்கு வந்தவங்களும் இப்படித்தான் வந்தாங்க. அதுலயும் எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான்.”

அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். அத்தை துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்திக்கொண்டாள். துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்த ‘டக்’ சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்தில் பாதிப்பேருக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது. அப்பாவுக்குத் தெரியும். அவள் தோள் ஏறுவதையும் மூச்சு நிற்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும். எடுத்து வைத்த காலை அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மெல்லக் கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் விரித்தார்.

“போங்கப்பா. எம்புள்ள கெடச்சிருச்சு. போங்க எல்லாரும்.”

யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ ஒரு தடியைத் தரையில் அடித்தார்கள். ஆனால் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வர யாரும் துணியவில்லை. வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகக் கரும்புக்குள் மறைந்தார்கள். வெயில் இறங்குமுன் கொத்துகிறவர்கள் கழுதைமேல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் அம்மி பாதி கொத்தியபடி புளியமரத்தடியில் கிடந்தது. அந்தப் பெண் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆலைக் கொட்டகையில், மாப்பிள்ளை மறுபடியும் கல்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கொண்டாடியவர்கள் அவள் எதிரே வந்தால் துண்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

 இரண்டு நாள் கழித்து, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்.

“என்னயவே சுட்டிருப்பியா அம்மிணி?”

அத்தை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை உள்ளேயே வைத்தாள்.

“தெரியலீங்கண்ணா. அன்னிக்கி அங்க உழுந்தவன் தெனமும் கடைக்குப் பீடி வாங்க வாறவன். அக்கான்னுதான் கூப்புடுவான். அவனயும் சுட மாட்டேன்னுதான் நெனச்சிட்டு நின்னேன்.”

 அப்பா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். பீடிக்காரன் செத்தானா பிழைத்தானா என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

அந்த ஆவணியிலேயே அத்தையும் மாமாவும் திரும்பிப் போவதென்று முடிவாயிற்று. கலவரம் அடங்கிவிட்டது, கடை பாதி எரிந்து பாதி நிற்கிறது என்று தகவல் வந்திருந்தது. அம்மா அழுதாள். நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க மாமா, மறுபடியும் வெட்ட வந்தாங்கன்னா?”

“வந்தாலும் வருவாங்க சாமி.”

“அப்பறம் எதுக்குப் போறீங்க?”

மாமா வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “உங்கத்தை இங்க தூங்கறதே இல்ல சாமி” என்றார். அவர் புறங்கையில் என் பல் பட்ட இடம் இன்னும் கறுத்திருந்தது.

அவர்கள் போன பிறகு அத்தையை நான் பார்க்கவில்லை. மழை விட்ட பின்னும் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும் நாட்களில், யாரோ என் தலைமுடியை விரலால் பிரிப்பது போல இருக்கும். பேன் பார்க்கும் சாக்கில் அவள் யாருடைய தலையைத் தொட்டுக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் அப்போது எனக்கு யோசிக்கத் தெரியாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதே பெரியவளான பிறகுதான் என் மனதில் பட்டது.

புறப்பட்ட அன்று காலை திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றிவிட அம்மாவும் நானும் போனோம். அப்பா வரவில்லை. காட்டில் வேலை இருக்கிறது என்று விடிந்ததுமே போய்விட்டார். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா கொடுத்த வெல்ல மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும்வரை தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள். பஸ் போய்விட்டது.

நாங்கள் திரும்பி நடந்தபோது, ரோட்டோரக் கரும்புக்கு உள்ளே, முதல் சாலில், அப்பா நிற்பதைப் பார்த்தேன். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி தோகைகளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருந்தார். பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி அடங்கிய பிறகும் அவர் நகரவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, பேசாமல் நட என்பது போல இழுத்தாள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், “அப்பா எங்கம்மிணி?” என்று கேட்டார். கரும்புக்குள் கன்றுக்குட்டி தேடிக்கொண்டிருக்கிறார் என்று, உண்மையாகவே அப்படி நினைத்துக்கொண்டு, சொன்னேன்.